பழக்கமும் குணமும்: சமூகவியல் கேள்வி பதில்

நாலு பேரோடு பழகுவது நம்மை எப்படி ஆக்குகிறது என்பதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். ராசிக்கேற்ற குணம் பற்றி வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன். மிச்சம் கீழே.

கே: ஆபீஸில் எல்லாரிடமும் பவ்யம். வீட்டுக்குள் நுழைந்ததும் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். எது என் நிஜ குணம், மேடம்? (காப்பீட்டு நிறுவன ஊழியர், சென்னை)

ப: இரண்டும்தான். நிஜமான ஆள் ஒருவர் உள்ளே பத்திரமாக இருக்கிறார், வெளியே காட்டுவது வேஷம் என்று நினைத்துக் கேட்கிறீர்கள்.

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1949 முதல் 1951 வரை, ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் தங்கி ஆய்வு செய்தார். அங்கே சிறு விவசாயக் குடும்பத்துத் தம்பதி ஒன்று சுற்றுலாப் பயணிகளுக்காக ஓட்டல் நடத்தியது. சாப்பாட்டுக் கூடத்தில் படு நாசூக்கு. கதவைத் தாண்டிச் சமையலறைக்குள் போனால் தீவு வழக்கம்: கொதிக்கிற கெட்டிலின் மேல் ஈரக் காலுறை காயும். விருந்தினர் பாதி தின்று வைத்த வெண்ணெயை மறுபடி உருட்டிப் புதிது போல அனுப்புவார்கள். காஃப்மனைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியம் அவர் மேற்கொண்டு சொன்னது. பிழைப்புக்காகப் போட்டுக்கொண்ட நாசூக்கு போகப்போக அந்தத் தம்பதிக்கே பிடித்துவிட்டது. வந்து தங்கியவர்கள் அவர்களை எப்படிப்பட்டவர்கள் என்று எண்ணினார்களோ, அப்படியே ஆகத் தொடங்கினார்கள்.

உங்கள் பவ்யமும் இப்படித்தான் ஊறும். எரிச்சலும் ஊறும். மேனேஜர் முன்னால் அடக்க முடிகிற கோபம் வீட்டில் அடங்கவில்லை என்றால், யாரிடம் காட்டினால் தண்டனை இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் எல்லாரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். அதைத் தினமும் வாங்கிக்கொண்டு பழகிவிட்டீர்கள்.

கே: கூட்டத்தில் பேசவே வராது. நான் இன்ட்ரோவெர்ட்டா, அதாவது உள்ளொடுங்கிய ஆளா? (கல்லூரி மாணவி, சேலம்)

ப: எந்தக் கூட்டத்தில்? தோழிகளோடு ஹாஸ்டல் அறையில் பேசுகிறீர்கள் அல்லவா? அப்படியென்றால் யார் முன்னால் வாய் அடைக்கிறது என்று பாருங்கள். பட்டத்தை ஒட்டிக்கொண்டால் அதற்கேற்ப நடக்கத் தோன்றும், ஜாக்கிரதை.

கே: வாத்தியார் மக்கு, மக்கு என்றால் பிள்ளை மக்காகிவிடுமா? (தந்தை, தேனி)

ப: நேர்மாறாகச் சோதித்திருக்கிறார்கள். ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளியில், குலுக்கல் முறையில் எடுத்த ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளை 'இவர்கள் இந்த ஆண்டு மலர்வார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். 1968-இல் வெளிவந்த முடிவுப்படி, முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறினார்கள். மேல் வகுப்புகளில் அப்படி இல்லை. பிறகு வந்த ஆய்வுகளில் விளைவு சிறியதாகவே தெரிந்தது. ஆகவே ஒரு வாத்தியாரின் வாய்க்கு அவ்வளவு மந்திர சக்தி கிடையாது. ஆனால் அதே வாத்தியார் அந்தப் பிள்ளையிடம் கேள்வியே கேட்காமல் விட்டால், கடைசி பெஞ்சுக்கு அனுப்பினால், அதைத்தான் நீங்கள் பள்ளிக்குப் போய்க் கேட்க வேண்டும்.

கே: ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனைப்படி, அதிகாரம் கொடுத்தால் எவனும் மிருகம்தானே?

ப: இதை எத்தனை முறை சொல்வது! 1971-இல் நடந்தது. கல்லூரி மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்துப் போலிச் சிறையில் நடிக்கவைத்தார்கள். இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறு நாளில் நிறுத்தினார்கள். காவலர்களாக நடித்தவர்கள் கடுமையாக இருக்க வேண்டும் என்று ஆய்வுக் குழுவே தூண்டியதற்கு ஒலிப்பதிவு இருக்கிறது. ஒரே ஒரு சோதனையை வைத்து மனித இனத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கே: ஊரை விட்டு வந்து நாளாகிவிட்டது. புதிதாக யாரைப் பார்த்தாலும் 'எந்த ஊருங்க?' என்கிறார்கள். பதில் சொல்லும்போது ஏன் உடம்பு கூசுகிறது? (மென்பொருள் துறை, கோவை)

ப: முதல் கேள்வியோடு அது நிற்காது என்று உங்கள் உடம்புக்குத் தெரியும். ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, குலதெய்வம் எது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலான பெயர்களில் பட்டம் இல்லை, இனிஷியல்தான். பெயர் சொல்லாததைப் பேச்சு கேட்டு வாங்கிக்கொள்கிறது. நீங்கள் ஒவ்வொரு முறையும் எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்று கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்கே காலப்போக்கில் 'அவர் ஒட்டமாட்டார், அளந்துதான் பேசுவார்' என்று உங்கள் குணமாகப் பேசப்படும்.

கே: மேலே சொன்னதை ஏற்க முடியாது. ஊர் கேட்பது நம் பண்பாடு, பாசம். எல்லாவற்றிலும் சாதியைப் பார்ப்பது உங்களைப் போன்றவர்கள்தான். (ஓய்வுபெற்ற அதிகாரி, தஞ்சாவூர்)

ப: பாசமாகவும் இருக்கலாம் ஐயா. பதிலைக் கேட்ட பிறகு உங்கள் குரல் மாறியதே இல்லை என்றால் உங்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. எதிரில் இருப்பவருக்கு அது முன்கூட்டித் தெரியாது என்பதுதான் சங்கதி.

கே: தஞ்சாவூர் ஐயாவுக்கு: உங்களிடம் யாராவது தெருவைக் கேட்டு, அப்புறம் வீடு வாடகைக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறார்களா? (செவிலியர், மதுரை)

கே: நான் கேட்பது எளிது. சாதியைச் சும்மா சொல்வதாலேயே ஒருவர் திறமை குறைந்துவிடுமா? ஆதாரம் உண்டா? (மீண்டும் தஞ்சாவூர்)

ப: உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ஆய்வாளர்கள் இருவரும் உத்தரப்பிரதேச கிராமத்துப் பள்ளிச் சிறுவர்களிடம் புதிர்வழித் தாள்களைக் கொடுத்தார்கள். எத்தனை தீர்க்கிறார்களோ அதற்கேற்பப் பணம். சாதியைச் சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய சமம். எல்லார் முன்னாலும் பெயரோடு சாதியையும் படித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த எண்ணிக்கை தெளிவாகச் சரிந்தது. அதே பையன்கள், அதே புதிர். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. 2006-இல் வெளிவந்த கட்டுரை இது. ஒரே சோதனை என்று என் வாக்கியத்தையே என்மேல் திருப்புவீர்கள். திருப்பலாம். ஆனால் மதுரைச் செவிலியர் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

(இது பற்றி இன்னும் பதினைந்து இருபது கேள்விகள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் வசவு. வெளியிடப்போவதில்லை.)

கே: நான் இன்ட்ரோவெர்ட்டா, ஆம்பிவெர்ட்டா (இரண்டும் கலந்தவரா)?

ப: சேலத்துக்குச் சொன்ன பதிலைப் படிக்கவும்.

கே: யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. தூக்கமில்லை. வாழவே பிடிக்கவில்லை.

ப: இதற்குச் சமூகவியல் வேண்டாம் தம்பி. இன்றே அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-க்குப் பேசுங்கள், கட்டணமில்லை. கூடவே நம்பிக்கையான ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள். மருத்துவரைப் பாருங்கள்.

கே: எம்.ஏ. புராஜெக்டுக்கு வீட்டிலேயே ஏதாவது சோதனை செய்யலாமா? (மாணவர், திருநெல்வேலி)

ப: ஹெரால்டு கார்ஃபிங்கல் என்ற சமூகவியலாளர் தன் மாணவர்களிடம் இதைத்தான் சொன்னார்: கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை, சொந்த வீட்டில் வாடகைக்குத் தங்க வந்தவர் போல நடந்துகொள்ளுங்கள். மரியாதையாகப் பேசுங்கள், கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். அவமரியாதை ஒன்றுமே இல்லை, ஆனாலும் பல வீடுகளில் பெற்றோர் பதறினார்கள், கோபப்பட்டார்கள், உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். பிள்ளை பிள்ளையாக நடக்காவிட்டால் அம்மா அம்மாவாக இருக்க முடியாமல் போகிறது. நீங்கள் செய்ய வேண்டாம், அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொள்வார். அதைவிட, ஒரு டீக்கடையில் உட்காருங்கள். யார் யாரை 'அண்ணாச்சி' என்கிறார், யாரை 'ஏலே' என்கிறார், யாருக்குப் பெஞ்சில் இடம் விடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். பெயர்களைக் குறிக்காதீர்கள்.