கடலா, கல்லா?

அன்புள்ள தம்பிக்கு,

உங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவள் என்பதால் தம்பி என்றே எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றேன். உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஊர் பார்த்துவிட வேண்டும் என்று போன வருஷம் முழுக்கச் சுற்றினோம். நான், வீட்டுக்காரர், மகன், மருமகள், எட்டு வயதுப் பேரன். பொங்கல் விடுமுறையில் மாமல்லபுரம், கோடையில் பூரியும் கொனார்க்கும், டிசம்பரில் கோவா. எல்லாம் நம் நாட்டுக்குள்ளேதான்.

போன இடமெல்லாம் ஒரே சண்டை. மகனுக்கும் மருமகளுக்கும் கடற்கரை வேண்டும். எனக்குக் கோவில், கோட்டை, கல்வெட்டு வேண்டும். கொனார்க்கில் நான் தேர்ச்சக்கரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், அவர்கள் மரத்தடியில் செல்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். கோவாவில் அவர்கள் அலையில் நின்றார்கள், நான் பைகளுக்குக் காவல் இருந்தேன். வருஷக் கடைசியில் படங்களை எடுத்துப் பார்த்தால் எது எந்த ஊர் என்றே குழம்புகிறது. இவ்வளவு செலவு செய்து என்ன பார்த்தோம் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இந்த வருஷம் நம்ம பக்கமே பார்க்கலாம் என்று இருக்கிறோம். "நம்ம ஊர்ல பார்க்க என்னம்மா இருக்கு?" என்று மகன் கேட்கிறான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கடற்கரைக்குப் போகலாமா, பழைய இடங்களுக்குப் போகலாமா? நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, பாளையங்கோட்டை

*

அன்புள்ள அக்கா,

நீங்கள் பைகளுக்குக் காவல் இருந்தேன் என்று எழுதிய வரியில்தான் எனக்கு வருத்தம். அடுத்த முறை பைகளை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கணுக்கால் வரைக்குமாவது தண்ணீரில் நில்லுங்கள். மகன் கடற்கரையைக் கேட்பதில் தவறே இல்லை. வருஷம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு அலை ஒரு பெரிய ஆறுதல்.

ஆனால் கடல் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டதால்தான் இந்தச் சண்டை வந்தது என்று நினைக்கிறேன். நீங்கள் போய்வந்த ஊர்களையே பாருங்கள். கொனார்க் கோவிலை ஐரோப்பிய மாலுமிகள் 'கறுப்புக் கோவில்' என்றார்கள், பூரி கோவிலை 'வெள்ளைக் கோவில்' என்றார்கள். கரை எங்கே இருக்கிறது என்று கப்பலில் வருகிறவர்களுக்கு அந்தக் கோபுரங்கள்தான் அடையாளம். கடல் இப்போது கொனார்க்கிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. மாமல்லபுரம் பல்லவர்களின் துறைமுகம். 2004 சுனாமி அலை சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துக்கொண்டு போனபோது கல்வெட்டு உள்ள ஒரு பாறை வெளியே தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தோண்டியதில் செங்கல்லால் கட்டிய முருகன் கோவில் ஒன்று கிடைத்தது. கடல் மூடி வைத்திருந்ததைக் கடலே திறந்து காட்டியிருக்கிறது. மாமல்லபுரம் வரை போயும் அதைப் பார்க்காமல் வந்திருந்தால், அதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பழைய இடம் எதற்குப் போனாலும், அந்தக் காலத்தில் இங்கே தண்ணீர் எங்கே இருந்தது என்று கேட்பேன். கடற்கரைக்குப் போனால், இங்கே யார் வந்து இறங்கினார்கள் என்று கேட்பேன். இந்த இரண்டு கேள்வியையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் நம்ம சீமை போல ஒரு இடம் கிடைப்பது கஷ்டம். சீமை என்று நான் சொல்வது பழைய திருநெல்வேலி மாவட்டத்தை. 1986ல் தூத்துக்குடியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள் என்றாலும் பொருநை, அதாவது தாமிரபரணி, ஒன்றுதானே.

முதலில் கொற்கைக்குப் போங்கள். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிபுளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு இந்த ஊரைச் சொல்கிறது. இங்கே முத்துக் குளிக்கும் வேலையைத் தண்டனை பெற்ற கைதிகள் செய்தார்கள் என்றும் சொல்கிறது. சங்கப் பாடல்களில் கொற்கை முத்து திரும்பத் திரும்ப வருகிறது. யார் கழுத்திலோ மின்னிய முத்தைப் பற்றிப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அதை எடுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிய கைதிகளை அந்தக் கிரேக்கக் குறிப்பில் படித்த நாளிலிருந்து, கொற்கை என்றாலே எனக்கு அவர்கள் நினைவுதான் முதலில் வருகிறது.

நான் முதல் தடவை போனபோது பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டேன். வாழைத் தோட்டம், ஒரு குளம், அதற்குள் வெற்றிவேல் அம்மன் கோவில், ஒரு பழைய வன்னிமரம், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. துறைமுகம் என்று நினைத்துப் போனவனுக்குக் கடலே கண்ணில் படவில்லை. கடல் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது.

இரண்டாவது தடவை குளக்கரையில் ஒரு பெரியவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அவர் வாலிப வயதில் கிணறு வெட்டும் வேலைக்குப் போனவர். "கொஞ்சம் ஆழம் போனாப் போதும் தம்பி, சிப்பியா வரும். கடல் சிப்பி. சுண்ணாம்பு சுடுறவங்க வந்து அள்ளிக்கிட்டுப் போவாங்க" என்றார். வாழைக்குக் கீழே வண்டல், வண்டலுக்குக் கீழே கடற்கரை. அதன் மேல்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு இருட்டும் வரை எனக்கு அங்கிருந்து எழுந்து வர மனசில்லை.

கடலைத் தள்ளிக்கொண்டு போனது நம்ம தாமிரபரணிதான். பொதிகையிலிருந்து கொண்டுவரும் மண்ணை முகத்துவாரத்தில் கொட்டிக் கொட்டி ஆறு கரையை வளர்த்தது. கொற்கை தூர்ந்ததும் துறைமுகம் கிழக்கே நகர்ந்து காயலுக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்து எழுதிய ஊர் அது. ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல்களில் குதிரைகள் வந்து இறங்கியதைச் சொல்கிறார். அந்தக் காயலும் கடலைவிட்டுத் தள்ளிப் போனது. இன்றைக்கு அதன் பெயரே பழையகாயல். அப்புறம் போர்ச்சுகீசியர் காலத்தில் புன்னைக்காயல், அதற்கும் பிறகு தூத்துக்குடி. ஒரு காலைப்பொழுதில் காரில் கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் என்று போய்வந்துவிடலாம். ஆயிரத்தைந்நூறு வருஷமாவது துறைமுகம் கடலைத் தேடி நடந்த பாதை அது. புன்னைக்காயலில் ஆறு கடலில் சேரும் இடத்தில் உங்கள் மகன் ஆசை தீர நிற்கட்டும். அவன் கேட்ட கடற்கரையும் நீங்கள் கேட்ட பழைய இடமும் அந்தப் பாதையில் ஒன்றாகவே இருக்கின்றன.

ஆற்றுக்கு அவ்வளவு பலமா என்று பேரன் கேட்டால் 2023 டிசம்பரைச் சொல்லுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. அந்த வாரம் நாம் எல்லோரும் பார்த்த செந்தண்ணீர்தான் கொற்கையை மூடிய தண்ணீர்.

அடுத்து ஆதிச்சநல்லூர், செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழைய இடுகாடு. சின்ன வயதில் வைகாசி விசாகத்துக்கு ஆச்சியோடு பாசஞ்சர் ரயிலில் திருச்செந்தூர் போவோம். தூக்குவாளியில் புளியோதரை இருக்கும். செய்துங்கநல்லூர் தாண்டியதும் ஆச்சி தாழிக் கதையை ஆரம்பித்துவிடுவாள். அந்தக் காலத்தில் மனுஷருக்குச் சாவு சீக்கிரம் வராதாம். வயசாக ஆகச் சுருங்கிச் சுருங்கிப் பூனைக்குட்டி அளவுக்கு ஆகிவிடுவார்களாம். விளக்கு மாடத்தில் உட்கார்த்தி வைத்திருப்பார்களாம். கடைசியில் தாழியில் வைத்து, கூடவே சோறும் தண்ணீரும் வைத்து மண்ணுக்குள் இறக்குவார்களாம். நான் வீட்டு விளக்கு மாடத்தைப் பார்த்தே பயந்து வளர்ந்தேன்.

பெர்லினிலிருந்து வந்த யாகோர் 1876ல் அங்கே தோண்டினார். அதற்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டி, தாழிகளோடு இரும்புக் கருவிகளையும் வெண்கலப் பொருள்களையும் நெற்றியில் கட்டும் பொன் பட்டங்களையும் எடுத்தார். நல்ல வயலையெல்லாம் விட்டுவிட்டு, உழவுக்கு ஆகாத பரம்பில்தான் செத்தவர்களை வைத்திருக்கிறார்கள். ஆற்றங்கரை மண் உயிரோடு இருப்பவர்களுக்கு என்று வைத்த அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது. இப்போது தாழிகளைக் குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். 2023 முதல் பார்க்கலாம். பேரனைக் கண்ணாடி மேல் நிறுத்தி ஆச்சியின் கதையை நீங்கள் சொல்லுங்கள், அதற்குப் பிறகு நிஜத்தைச் சொல்லலாம்.

திருச்செந்தூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம் இல்லாத கிழமையில் விடியற்காலை போங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறும் நாழிக்கிணற்றைப் பேரனுக்குக் காட்டுங்கள்.

மணப்பாடுதான் உங்கள் மகனுக்கான இடம். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற மேடு, அதன்மேல் திருச்சிலுவைக் கோவில், ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் அலை அடங்கிய கழி. அலைச்சறுக்கு விளையாட வெளியூரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். கோவாவில் பாம் ஜீசஸ் ஆலயத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே வெள்ளிப் பேழைக்குள் இருக்கிற பிரான்சிஸ் சவேரியார் 1542ல் கோவாவில் வந்து இறங்கி, அதே வருஷம் நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்தவர். உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து, இந்தக் கரையில் ஊர் ஊராக நடந்தார். மணப்பாட்டுப் பாறைக் குகையில் அவர் தங்கியிருந்ததாக ஊரார் சொல்கிறார்கள். பத்து வருஷம் கழித்துச் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார், உடல் கோவாவுக்கு வந்தது. கோவாவில் அந்தப் பேழைக்குள் இருக்கிற கால்கள் மணப்பாட்டு மணலில் நடந்த கால்கள். இதை அந்தக் குகை வாசலில் நின்று மகனிடம் சொல்லுங்கள். போன வருஷப் படங்களில் ஒன்றாவது எந்த ஊர் என்று குழம்பாமல் நினைவில் நிற்கும்.

அங்கிருந்து உள்ளே தேரிக்காடு. ரத்தச் சிவப்பில் மணல் குன்று குன்றாகக் கிடக்கும். காற்று அடித்தால் குன்று இடம் மாறும். தேரிகளில் சின்னச் சின்னக் கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அவற்றை ஆராய்ந்து 1956ல் எழுதினார்கள். தாழிகளுக்கும் முத்துக்கும் வெகுகாலம் முன்பே மனிதர்கள் அந்த மணலில் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். கல் எதையும் பொறுக்கி எடுத்து வந்துவிட வேண்டாம். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொரு நாள் உவரி. கடற்கரையிலேயே சுயம்புலிங்க சுவாமி கோவில், கொஞ்ச தூரத்தில் அந்தோணியார் கோவில், கப்பல் வடிவத்தில் மாதா கோவில். போகும் வழியில் இடையன்குடியில் இறங்குங்கள். கால்டுவெல் 1841ல் வந்து ஐம்பது வருஷம் போல வாழ்ந்த ஊர். அவர் எழுப்பிய ஆலயத்தில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். கொற்கையில் தோண்டிப் பார்த்து, பழைய துறைமுகம் இதுதான் என்று எழுதியவர்களில் அவர் முக்கியமானவர். பள்ளிக்கூடத்தில் அவரை மொழிநூல் ஆசிரியராக மட்டுமே நாம் சொல்லிக்கொடுக்கிறோம். வெயிலில் நின்று கொற்கை மண்ணைத் தோண்டிய கால்டுவெல்லையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு ஒரு நாள் போதும். வீட்டிலிருந்து கிளம்பி ராத்திரி வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்பது பூரிக்கும் கோவாவுக்கும் இல்லாத வசதி. பிடித்த இடத்துக்கு இரண்டாம் தடவையும் போங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி தொடக்கம் வரை மழையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாசியில் ஆரம்பித்தால் பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும், வழியில் ஓலைப் பட்டையில் வாங்கிக் குடிக்கலாம்.

முதல் நாள் மட்டும் காரை விட்டுவிட்டுத் திருச்செந்தூர் ரயிலில் போங்கள். இடதுபக்கச் சன்னலோரம் பேரனுக்கு. ஆறு அந்தப் பக்கம்தான் கூடவே வரும். ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் ஆதிச்சநல்லூர் பக்கம்தான். போய்வந்து மகன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி