பொண்ணு மண்ணுல மகரந்தம் எண்ணப் போறேங்குறா, என்ன பண்றது?

வணக்கம் சார், உங்க மெசேஜை ரெண்டு தடவை படிச்சேன். கட்ஆஃப் நல்லா இருக்கு, இன்ஜினியரிங் சீட் கிடைக்கும், ஆனா பாப்பா பழைய காலத்து மழையையும் காட்டையும் ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்குது, வீட்ல யாருக்கும் அது என்ன வேலைன்னே புரியல. அதானே?

மொதல்ல வேலைய சொல்றேன். ஊட்டி பக்கம் சதுப்புல கருப்பா மக்கின மண்ணு அடுக்கடுக்கா கிடக்கும், பீட்னு சொல்லுவாங்க, கீழ போகப்போக பழசு. யானை ஆராய்ச்சிக்குப் பேர்போன ராமன் சுகுமாரும் கூட இருந்தவங்களும் அந்த மண்ணுல இருக்குற கார்பன் வகைகளோட (ஐசோடோப்) விகிதத்தை அளந்து, கடந்த 20,000 வருஷத்துல அங்க எப்போ புல்வெளி பரவுச்சு, எப்போ மழை கூடி காடு வந்துச்சுன்னு 1993ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. அங்க வளர்ற வெப்பப் புல்லுக்கும் மரத்துக்கும் அந்த விகிதம் வேற வேற, அதான் சூட்சுமம்.

இன்னொரு வழி மகரந்தம். அதோட மேல்தோல் ஆயிரக்கணக்கான வருஷம் ஆனாலும் மக்காது. மண்ணை ஒவ்வொரு சென்டிமீட்டரா வெட்டி, ஆசிட்ல போட்டு மத்ததெல்லாம் கரைச்சு (அதுல ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு, எலும்பு வரைக்கும் போகும், வெளையாட்டு இல்ல), மிச்சத்தை ஸ்லைடுல வச்சு இது புல்லு இது நாவல் குடும்பம்னு ஒவ்வொண்ணா எண்ணணும், ஒரு அடுக்குக்கே முந்நூறு எண்ணுவாங்க. என்கிட்ட ஆலோசனைக்கு வந்த பையன் ஒருத்தன் இதுல இருக்கான், கழுத்துவலி பெல்ட் போட்டுட்டுதான் மைக்ரோஸ்கோப் முன்னாடி உக்காருறான், ஆனா விடமாட்டேங்குறான்.

இப்போ நீங்க நெஜமா கேக்க வந்தது, சம்பளம். மறைக்காம சொல்றேன், இது லேட்டா பழுக்குற மரம். பிஎஸ்சி 3, எம்எஸ்சி 2, பிஎச்டி குறைஞ்சது 5, அப்புறம் போஸ்ட்டாக்னு (பிஎச்டி முடிச்சு பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை) ரெண்டு மூணு வருஷம் எங்கயாவது வெளிநாட்ல, ஆக நிரந்தர வேலைன்னு உக்கார 32 ஆகிடும். நடுவுல கல்யாணப் பேச்சு வேற வரும், அதையும் இப்பவே வீட்ல பேசிடுங்க. பிஎச்டிக்கு நீங்க காசு கட்டத் தேவையில்ல, நெட்ங்குற தேசிய தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்குற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிட்டா மொதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஆனா ஜேஆர்எஃப் சும்மா கிடைக்காது, போட்டி ஜாஸ்தி.

இடம்னு பாத்தா லக்னோல பீர்பால் சாஹ்னி நிறுவனம் இதுக்குன்னே இருக்கு, அகமதாபாத்ல பிஆர்எல்ங்குற இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம், புனேல ஐஐடிஎம்ங்குற வெப்பமண்டல வானிலை நிறுவனத்துல தேக்கு மர வளையத்தை வச்சு பழைய மழைய கண்டுபுடிக்கிறாங்க, கோவாவுல அண்டார்டிகா பனிக்கட்டிய ஆராயுற சென்டர். நம்ம பக்கத்துலயே பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல பெரிய மகரந்த சேகரிப்பு இருக்கு.

பழைய காலநிலை ஆராய்ச்சிங்குற பேர்ல டிகிரி தேடாதீங்க சார். தாவரவியலா ஜியாலஜியா (நிலவியல்)ன்னா நான் ஜியாலஜிதான் சொல்லுவேன், பலபேர் சண்டைக்கு வருவாங்க, பரவால்ல. காரணம் ஒண்ணுதான், ஆராய்ச்சி சரிவரலன்னாலும் எம்எஸ்சி ஜியாலஜி வச்சு யுபிஎஸ்சி ஜியோ சயின்டிஸ்ட் பரீட்சை எழுதி ஜிஎஸ்ஐங்குற இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குப் போலாம், எண்ணெய் கம்பெனிங்க இருக்கு. தாவரவியல்ல வாத்தியார் வேலைதான் பெரும்பாலும் கதி. சென்னை பிரசிடென்சி, தூத்துக்குடி வ.உ.சி. காலேஜ் ரெண்டுலயும் ஜியாலஜி இருக்கு, பீஸும் உங்க பட்ஜெட்டுக்குள்ளதான். கூடவே கணக்கும் கொஞ்சம் கோடிங்கும் விடாம படிக்கச் சொல்லுங்க, இப்ப டேட்டா வேலை இல்லாம இந்த ஃபீல்டே இல்ல.

ஒரு காரியம் பண்ணுங்க. பக்கத்து காலேஜ்ல தெரிஞ்ச தாவரவியல் புரொபசர் யாராவது இருந்தா, ஒரு வாரம் அவர் லேப்ல பாப்பாவ மைக்ரோஸ்கோப் முன்னாடி உக்கார விடுங்க, தினம் ஒரு ஸ்லைடு எண்ணட்டும். அதுவரைக்கும் இன்ஜினியரிங் கவுன்சிலிங் ரிஜிஸ்ட்ரேஷனை கேன்சல் பண்ணாதீங்க, ஆர்ட்ஸ் காலேஜ் அப்ளிகேஷனையும் கடைசி தேதிக்கு முன்னாடி போட்டு வச்சிடுங்க.