வட்டிக்கு வாங்கி மொய் செய்யும் அம்மாவுக்கு

கேள்வி: எனக்கு வயது 69. பேராவூரணி பக்கம் ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரர் அரசுப் பள்ளி ஆசிரியர், 2014-ல் தவறிவிட்டார். குடும்ப பென்ஷன் 21,000 வருகிறது. 2017-ல் மொய் விருந்து வைத்ததில் 5,20,000 வந்தது. அதில்தான் இளைய மகள் கல்யாணம் நடந்தது. மறு வருஷமே கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் வந்த மொய் முழுவதையும் திருப்பிச் செய்துவிட்டேன், மேற்கொண்டு புது நடையாக, அதாவது அவர்கள் எனக்குத் திருப்ப வேண்டிய புது மொய்யாக, 2,40,000 செய்திருக்கிறேன். அதற்காக ஒன்பது பவுன் அடகில் இருக்கிறது. கடன் 3 லட்சமாக ஏறி நாலு வருஷம் ஆகிறது, ஒரு ரூபாய் வட்டி. பேங்கில் 2 லட்சம் வீதம் மூன்று டெபாசிட் ரசீது உண்டு. வருகிற ஆடியில் என் பேரில் விருந்து வைத்து, வருகிற பணத்தைத் தொழிலுக்குத் தரச்சொல்கிறான் திருப்பூரில் இருக்கும் மகன். பேங்க் தம்பி, டெபாசிட்டை எடுத்து உத்தரவாத வருமான இன்சூரன்ஸில் போடச் சொல்கிறார். ஊரில் ஒரு விசேஷம் விட்டதில்லை நான். இப்போது ராத்திரியில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

பதில்: அம்மா, மொய் கணக்கு எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களின் படங்களைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்தில் பதினோரு ரூபாயும் ஒரு எவர்சில்வர் குடமும். கடைசிப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் ஐயாயிரம், பத்தாயிரம். இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைக்கிற ஒருவருக்கு வரவு செலவு எழுதுங்கள் என்று நான் பாடம் நடத்தப் போவதில்லை.

ஆனால் அந்த நோட்டில் ஒரு செலவு ஏறவே இல்லை. அடகு வட்டி.

மொய்க்கு வட்டி கிடையாது. பத்தாயிரம் செய்தால் ஐந்தாறு வருஷம் கழித்து அதே பத்தாயிரம்தான் திரும்பும். மேலே ஐயாயிரம் வைத்தார்கள் என்றால் அது உங்களுக்கு லாபம் இல்லை, நீங்கள் திருப்ப வேண்டிய புதுக் கடன். அந்தப் பத்தாயிரத்தை நீங்கள் நகையை வைத்துப் புரட்டுகிறீர்கள். வட்டிக்கு வாங்கி, வட்டியில்லாமல் ஊருக்குக் கடன் கொடுக்கிறீர்கள் அம்மா. 3 லட்சத்துக்கு மாதம் 3,000, வருஷத்துக்கு 36,000. நாலு வருஷத்தில் ஏறக்குறைய 1,44,000 போய்விட்டது. போதாததற்கு, மறு அடகு வைப்பதற்காக வருஷா வருஷம் ஒரு நாள் கைமாற்று வாங்கி 2,000 கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு 2,000!

புயலுக்கு முன்னால் தேங்காய்க் காசில் மொய் செய்தீர்கள், சரியாக இருந்தது. மரம் போன பிறகும் அதே அளவில் செய்ததில்தான் இவ்வளவும் வந்தது. பழைய பாக்கியைத் திருப்பியது நியாயம், அதில் நான் குறை சொல்லமாட்டேன். நகையை வைத்துப் புது நடை செய்ததுதான் தப்பு. அதை இன்றோடு நிறுத்துங்கள்.

இனி மகன் சொல்கிற விருந்து. ஐந்து லட்சம் வரும் என்கிறாராம். வரலாம். ஆனால் அதில் உங்கள் பணம் எவ்வளவு? ஊர் உங்களுக்குத் தரவேண்டியது 2,40,000. மேலே புது நடையாக 2,50,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். அது அடுத்தவர் பணம். நாலைந்து குடும்பம் சேர்ந்து வைத்தாலும் கறி, பந்தல், பத்திரிகை என்று உங்கள் பங்குக்கு 60,000 ஆகும். மிஞ்சுவது 1,80,000. மகன் தொழிலுக்குக் கேட்கிற ஐந்து லட்சத்தில் உங்களுடையது அவ்வளவுதான். மீதியை அவர் எடுத்துக்கொண்டால், அடுத்த ஆடியிலிருந்து கவர் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டியவர் நீங்கள். திருப்பூரிலிருந்து பஸ் ஏறி அவர் வரப்போவதில்லை. அவருடைய தொழிலைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, அதனால் நானும் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா பேரில் ஊரிடம் கைநீட்டி நடத்துகிற தொழிலுக்கு, அவரே பேங்கில் கடன் கேட்டுப் பார்க்கட்டும்.

விருந்தை வையுங்கள். ஆனால் கடைசி விருந்தாக.

அதற்கு முன்னால், இந்த வாரமே ஒரு டெபாசிட் ரசீதை முறியுங்கள். கொஞ்சம் வட்டி குறையும், பரவாயில்லை. பேங்கில் ஏழு சதவீதம் வாங்கிக்கொண்டு அடகுக்கடையில் பன்னிரண்டு கட்டுவதற்கு அது எவ்வளவோ மேல். அதில் 1,20,000 கட்டி மூன்று நான்கு பவுனையாவது மீட்டால் மாத வட்டி 1,800 ஆக இறங்கும். மீதி 80,000 ஆஸ்பத்திரி செலவுக்கு என்று சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும். ஆடியில் கைக்கு வரும் 1,80,000-ஐக் கொண்டு மிச்ச நகையை மீட்டுவிடுங்கள். அது உங்கள் சீதனம். மகனும் மகளும் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள், நகையை லாக்கரில் வையுங்கள்.

புது நடையாக வந்த 2,50,000-ஐத் தொடாதீர்கள். 50,000 வீதம் ஐந்து ரசீதாக, ஒன்று, இரண்டு, மூன்று வருஷம் என்று தவணை மாற்றிப் போடுங்கள். யார் வீட்டில் விருந்து வருகிறதோ அதற்கு இதிலிருந்து எடுத்து, வாங்கியதை மட்டும் திருப்புங்கள். மேலே ஒரு ரூபாய் வேண்டாம். ‘கணக்கை முடிச்சுக்கிறேன்’ என்று நேரிலேயே சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள் என்று பயப்படுகிறீர்கள். ஐம்பது வருஷம் ஒரு வளைகாப்பு, ஒரு துக்கம் விடாமல் போய் நின்றவரை யாரும் குறை சொல்லிவிட முடியாது. சொன்னால், அந்த வீட்டுக் கணக்கை முதலில் முடியுங்கள்.

மிச்சமிருக்கிற இரண்டு ரசீதும் முதிர்ந்ததும், அந்த 4 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 8.2 சதவீதம் என்று கணக்குப் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 8,200 ரூபாய் கிடைக்கும். அரசு பிறகு வட்டியைக் குறைத்தாலும், போட்ட அன்று இருந்த விகிதம் உங்களுக்கு ஐந்து வருஷம் மாறாது.

கடைசியாகப் பேங்க் தம்பி. 69 வயதில், யாரும் உங்கள் சம்பாத்தியத்தை நம்பியில்லாதபோது, உங்களுக்கு ஆயுள் காப்பீடு எதற்கு? பத்து வருஷம் கழித்து வருமானம் தொடங்குமாம். அவருக்கு இந்த மாத இலக்கு இருக்கும், பாவம், அது உங்கள் கவலை இல்லை. பாரத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. போட்டிருந்தால், பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும். எழுத்தில் கொடுங்கள், தேதியோடு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.