செய்யாத குற்றத்தை ஒருவர் ஏன் ஒப்புக்கொள்வார்?

கேள்வி: நீதி அமைப்பின் ஓட்டைகளைக் காட்டிய குற்றத் தொடர்களில் உங்களை அதிகம் பாதித்தது எது?

யோசிக்காமல் சொல்வேன், 'வென் தே சீ அஸ்'. 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. இயக்கியவர் ஆவா டுவெர்னே. மொத்தமே நான்கு பகுதிகள்தான். அதைப் பார்க்கும்வரை எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஒருவன் கேமரா முன்னால் உட்கார்ந்து, தன் வாயாலேயே 'நாங்கள்தான் செய்தோம்' என்று சொன்னால் செய்திருக்கத்தான் வேண்டும், செய்யாதவன் எதற்குச் சொல்லப் போகிறான் என்று. முதல் பகுதி முடிவதற்குள் அந்த நம்பிக்கை போய்விட்டது.

இது உண்மையில் நடந்த கதை. 1989 ஏப்ரல் 19 இரவு, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓட்டப்பயிற்சிக்குப் போன 28 வயதுப் பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, உயிர் போகும் நிலையில் கிடந்தார். அந்த வழக்கில் ஐந்து பையன்கள் மாட்டினார்கள். கறுப்பின, லத்தீன் குடும்பத்துப் பிள்ளைகள். வயது 14 முதல் 16 வரை.

ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். ஆன்ட்ரான் மெக்ரேவுக்கு அப்போது 15 வயது. அப்பா கூடவே இருக்கிறார். போலீஸ் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசுகிறது. திரும்பி வருபவர் வேறு ஆளாக வருகிறார். இவர்கள் கேட்பதைச் சொல்லிவிடு, வீட்டுக்குப் போய்விடலாம் என்று மகனிடம் கத்துகிறார். பையன் அழுதுகொண்டே, நான் செய்யவில்லையே என்கிறான். அப்பாவாக நடித்த மைக்கேல் கே. வில்லியம்ஸின் முகத்தில் பயமும் பாசமும் பிரிக்க முடியாமல் கிடக்கும். மகனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவர் அதைச் செய்கிறார். அங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நான்கு பேரின் வாக்குமூலம் வீடியோவில் பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்னால் பல மணி நேரம் நடந்த விசாரணை பதிவாகவில்லை. ஜூரி பார்த்தது கடைசியில் வந்ததை மட்டும்தான். உன் கூட்டாளி உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டான் என்று போலீஸ் பொய் சொல்லி வாங்கினாலும், அதனாலேயே வாக்குமூலம் செல்லாமல் போகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-இலேயே சொல்லிவிட்டது. ஐந்து பேரில் யூசுஃப் சலாம் மட்டும் கையெழுத்துப் போடவில்லை, வீடியோவிலும் பேசவில்லை. அவருடைய அம்மா வந்து விசாரணையை நிறுத்தியதுதான் காரணம். ஆனாலும் அவருக்கும் தண்டனை கிடைத்தது.

இத்தனைக்கும் டிஎன்ஏ இவர்களில் யாருடனும் பொருந்தவில்லை. வாக்குமூலங்களும் ஒன்றுக்கொன்று முரண். எங்கே நடந்தது, யார் என்ன செய்தார்கள் என்பதே ஆளுக்கொரு மாதிரி. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1990-இல் ஐந்து பேரையும் குற்றவாளிகள் என்றார்கள். உண்மையில் செய்தவன், சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு அதே பூங்காவில் இன்னொரு பெண்ணைத் தாக்கியவன். கையில் இத்தனை வாக்குமூலம் இருக்கும்போது வேறு ஆளைத் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குப் பெரிய ஓட்டையாகப் படுவது இதுதான். வாக்குமூலம் வந்த அன்றே விசாரணை முடிந்துபோகிறது.

கோரி வைஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போலீஸ் தேடிய பெயர்களில் அவர் பெயரே இல்லை. நண்பன் யூசுஃப் தனியாகப் போக வேண்டாமே என்று துணைக்கு ஸ்டேஷனுக்குப் போனவர். வயது 16 என்பதால் அன்றைய நியூயார்க் சட்டப்படி அவர் பெரியவர், போனது பெரியவர்களின் சிறைக்கு. மற்றவர்கள் ஆறேழு வருடங்களில் வெளியே வர, இவர் சுமார் 13 வருடம் உள்ளே இருந்தார். தொடரில் பரோல் குழு முன்னால் உட்காரும் கோரி, செய்தேன் என்று சொன்னால் வெளியே போக வழி உண்டு என்று தெரிந்தும் சொல்ல மறுக்கிறார். 16 வயதில் சொல்லவைத்த அதே வார்த்தையை இப்போது அவர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை. கோரியாக நடித்த ஜாரெல் ஜெரோமுக்கு எம்மி விருது கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

உண்மையான குற்றவாளி ஒப்புக்கொண்டு, டிஎன்ஏவும் பொருந்திய பிறகு 2002 டிசம்பரில் தீர்ப்புகள் ரத்தாயின. 2014-இல் நகர நிர்வாகம் 4.1 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

தொடரில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. அரசுத் தரப்பில் இருந்த ஒரு பெண் அதிகாரியின் மேலேயே பாதிப் பழியைக் கொண்டுபோய் வைக்கிறது. அவர் போட்ட அவதூறு வழக்கு 2024-இல் சமரசத்தில் முடிந்தது. அவ்வளவு பேர் ஒன்றாகத் தவறியதை ஒரு முகத்தில் அடக்கியிருக்க வேண்டாம்.

பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதல் மூன்றை ஒன்றாகப் பார்த்தாலும் சரி, நான்காவதுக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அது ஏறக்குறைய முழுக்க கோரியின் கதை. பார்த்து முடித்த கையோடு வேறு வேலைக்குப் போக என்னால் முடியவில்லை.