புரியவில்லையா, காதில் விழவில்லையா? சிறப்புக் கல்வித் தேவைகள்: கேள்வி பதில்

என் மகனுக்கு எட்டு வயது. கேட்ட கதையை அப்படியே சொல்கிறான். புத்தகத்தைக் கொடுத்தால் ஒரு வரி தாண்டுவதில்லை. சோம்பலா, டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடா?

சோம்பல் என்ற சொல்லை விட்டுவிடுவோம், அம்மா. கதையைத் திருப்பிச் சொல்கிற பிள்ளைக்குப் புரிதலும் நினைவும் நன்றாகவே இருக்கின்றன. ஒலியை எழுத்தோடு சேர்க்கும் இடத்தில் தடுக்குகிறதா என்று பாருங்கள். 'மரம்' என்பதில் 'ம'வை எடுத்துவிட்டு 'க' போட்டால் என்ன வரும் என்று வாய்மொழியாகக் கேளுங்கள். 'கரம்' என்று சொல்லத் திணறினால், சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்து உணர்வதில் சிக்கல் இருக்கலாம். டிஸ்லெக்சியா உள்ள பல பிள்ளைகளுக்கு வேர் அங்கேதான், கண்ணில் இல்லை.

எழுத்தைத் திருப்பிப் போடுவதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். எழுதப் பழகும் ஆரம்பத்தில் நிறைய பிள்ளைகள் அப்படிச் செய்வார்கள். எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துபோகிறதா, நன்றாகப் பழகிய பிறகும் கொம்பும் புள்ளியும் விட்டுப்போகின்றனவா என்று கவனியுங்கள்.

இதற்கு மாத்திரை கிடையாது. ஒலி, எழுத்துத் தொடர்பைப் படிப்படியாக, திரும்பத் திரும்பக் கற்பிப்பதுதான் வழி. அதுவரை அறிவியலையும் வரலாற்றையும் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். வாசிப்பு வராததால் மற்ற பாடங்களும் கைவிட்டுப் போய்விடக் கூடாது. அப்புறம், வகுப்பு முன்னால் நிறுத்திச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று ஆசிரியரிடம் அவசியம் கேளுங்கள்.

நான் ஆசிரியை. ஒரு மாணவன் இருக்கையில் உட்காருவதே இல்லை. ஒரு மாணவி சத்தமே இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறல், மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு) என்று சொல்லப்படுகிறது. அது எப்படி?

இருக்கலாம், டீச்சர். துறுதுறுப்பு மேலோங்கிய வகை உண்டு, கவனச் சிதறல் மட்டும் மேலோங்கிய வகை உண்டு, இரண்டும் கலந்ததும் உண்டு. யாருக்கும் தொல்லை தராததால் அந்த மாணவி போன்றவர்களை நாம் ஆண்டுக்கணக்கில் தவறவிடுகிறோம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

ஆனால் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிய வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் தெரிய வேண்டும். உங்கள் வகுப்பில் மட்டும் என்றால் காரணம் வேறாக இருக்கலாம். நடுக்காதில் நீர் கோத்தால் கேட்கும் திறன் ஒரு நாள் இருக்கும், மறுநாள் குறையும். நாம் 'கவனிக்கவில்லை' என்று திட்டிக்கொண்டிருப்போம். சில நொடிகள் அப்படியே உறைந்து, தொட்டாலும் உணராமல், பிறகு எதுவும் நடக்காததுபோல் தொடர்ந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

கற்றல் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் ஒன்றுதானே?

இல்லை. கற்றல் குறைபாடு வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று குறிப்பிட்ட திறனில் வருவது. அறிவுசார் குறைபாட்டில் சிந்தனைத் திறனோடு உடுத்துவது, பணம் எண்ணுவது, ஆபத்தை உணர்வது போன்ற அன்றாடத் திறன்களும் வயதுக்குப் பின்தங்கியிருக்கும். வெறும் ஐ.க்யூ. (நுண்ணறிவு) எண்ணை வைத்து அதைத் தீர்மானிப்பதில்லை.

பேரனுக்கு இரண்டரை வயது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை. வீட்டில் இரண்டு மொழி பேசுவதாலா, தடுப்பூசியாலா?

இரண்டும் இல்லை, ஐயா. நீங்கள் சொல்வது ஆட்டிசத்தின் அறிகுறியாக இருக்கலாம்; அது மற்றவரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் வேறுபடும் ஒரு வளர்ச்சி நிலை. இருமொழிச் சூழல் அதை உண்டாக்காது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய 1998 ஆய்வுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. முதலில் செவித்திறன் பரிசோதனை, கூடவே குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் மதிப்பீடு. 'ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்' என்று காத்திருக்காதீர்கள். என்ன குறைபாடு என்று முடிவாவதற்கு முன்பே பேச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம், அதில் இழப்பு எதுவும் இல்லை.

மகளுக்கு டிஸ்லெக்சியா உறுதியாகிவிட்டது. அவளிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். நாம் மறைத்தால் 'நான் மக்கு' என்ற காரணத்தை அவளே வைத்துக்கொள்வாள். "உனக்கு எழுத்து பழகக் கொஞ்சம் வேறு வழி வேண்டும், அந்த வழி தெரிந்த ஒரு டீச்சரைப் பார்க்கப் போகிறோம்" என்றால் போதும்.