ஜீப்பில் எதை, எங்கே மாட்டுவது?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மாமா 1944-ல் தயாரான ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப் ஒன்றைப் புதுப்பித்திருக்கிறார். ஜூனில் பிரான்ஸில் உள்ள நார்மண்டிக்கு ஓட்டிப்போகிறாராம். பை, பெட்டி, கேன், கம்பளி என்று ஏகப்பட்ட பழைய சாமான் சேர்த்துவைத்திருக்கிறார். எல்லாவற்றையும் ஏற்றலாமா? – வாசகர், திருச்சி

பதில்: வேண்டவே வேண்டாம். மாமா முதலில் ஒரு தேதியை முடிவு செய்யட்டும். நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் தரையிறங்கிய 1944 ஜூன் என்றால் அதற்குப் பிந்தைய பொருள் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. ஜெர்ரி கேன் எனும் பெட்ரோல் கேனைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஆண்டு பொறித்திருக்கும். 1951 என்று இருந்தால் அது கொரியப் போர்க் காலத்துக் கேன், என்னதான் பெயின்ட் அடித்தாலும் விவரம் தெரிந்தவர் கண்ணுக்குத் தப்பாது.

அப்புறம், நிரந்தர இடம் உள்ளவற்றிலிருந்து தொடங்க வேண்டும். ஷவலும் கோடாரியும் ஓட்டுநர் பக்கம் வெளியே, அதாவது இடதுபுறம். பின்னால் வலதில் ஸ்டெப்னி, இடதில் கேன். டாஷ்போர்டுக்குக் கீழே முதலுதவிப் பெட்டி. 1944 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட டிஎம் 9-803 கையேட்டைப் பார்த்தே இதையெல்லாம் சரிபார்த்துக்கொள்ளலாம். இவை முடிந்த பிறகுதான் வீரர்களின் சொந்த மூட்டை. அதற்கு ஒரே கேள்வி போதும்: ஓடும் வண்டியில் இதை யார், எதற்காக, எப்படி எட்டி எடுப்பான்? பதில் இல்லாத சாமான் வீட்டிலேயே இருக்கட்டும். கட்டுவதற்குப் பருத்திப் பட்டையும் பழைய மாதிரி இரும்பு பக்கிளும்தான். ஒரே ஒரு நைலான் கயிறு போதும், மொத்த உழைப்பும் வீணாகிவிடும், எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். கேன்வாஸ் பைகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. வெளிர் காக்கியிலிருந்து அடர்பச்சைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது, இரண்டும் கலந்திருப்பதுதான் இயல்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் அசல் தேவையில்லை. ஓட்டுநர் காலருகே இருக்கும் பித்தளைத் தீயணைப்பானில் அன்று கார்பன் டெட்ராகுளோரைடு இருந்தது. அதுவே விஷம், தீயில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். உள்ளே மிச்சம் இருந்தால் சாக்கடையில் கொட்டாமல் ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிட்டு, காலிக் குழாயை மட்டும் மாட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால், இன்றைய தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் மறைவாக இருந்தே ஆக வேண்டும். துப்பாக்கி வைப்பதாக இருந்தால், நகலே ஆனாலும், இரண்டு நாட்டுச் சட்டத்தையும் விசாரிக்காமல் எல்லை தாண்டக் கூடாது.

கேள்வி: எங்கள் மகிந்திரா சிஜே 3பி-யையும் அப்படியே உலகப்போர் ஜீப்பாக்கலாமா? – அதே வாசகர்

பதில்: அதன் உயரமான பானெட்டே காட்டிக்கொடுத்துவிடும், அந்த மாடலை அமெரிக்க ஜீப் நிறுவனமான வில்லிஸ் கொண்டுவந்ததே 1953-ல்தான். பின்கதவு இருப்பதால் ஸ்டெப்னி பக்கவாட்டுக்குப் போய்விட்டது, போர்க்கால ஜீப்பில் பின்கதவே கிடையாது. அதை சிஜே 3பி-யாகவே புதுப்பியுங்கள், அசல் நிலையில் இருக்கும் 3பி-க்கள் நம் ஊரில் குறைந்துகொண்டே வருகின்றன.