பாசார் மாலாம் பச்சை லேசர்: ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: பெரிய மகன் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 20 வெள்ளிக்குப் பச்சை லேசர் ஒன்று வாங்கி, ராத்திரியானால் எதிரே இருக்கும் செம்பனை மரங்களில் அடித்து விளையாடுகிறான். நேற்று அது தம்பியின் கண்ணில் பட்டுவிட்டது. வலி இல்லை, சிவக்கவும் இல்லை. ஒளியின் வலிமை 5 மில்லிவாட்டுக்குக் கீழ் என்று மேலே ஒட்டியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அம்மா, முதலில் அதை அவனிடமிருந்து வாங்கி பேட்டரியைக் கழற்றி வையுங்கள், அப்புறம் மீதியைப் படிக்கலாம்.

வலி இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம், விழித்திரைக்கு வலி தெரியாது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் அந்த ஒளியை ஊசிமுனை அளவுக்குக் குவித்துவிடும். நடுப்பகுதியில் சுட்டுவிட்டால் எழுத்து படிக்கும் இடத்திலேயே ஒரு புள்ளி மறைந்து போகும். இன்றைக்கே சின்னவனுக்கு ஒரு கண்ணை மூடி, கட்டம் போட்ட கணக்கு நோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொல்லுங்கள். கோடு வளைந்தோ அறுந்தோ தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரி. மற்ற கண்ணுக்கும் அப்படியே.

அந்த 5 மில்லிவாட் ஒட்டு வெறும் காகிதம். அமெரிக்காவின் தரநிர்ணய ஆய்வுக்கூடமான என்ஐஎஸ்டி 2013இல் வெளியிட்ட சோதனையில் 122 லேசர் பாயிண்டர்களை அளந்தார்கள். பச்சையில் கிட்டத்தட்ட 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அங்குள்ள பாதுகாப்பு விதிக்குள் வரவில்லை. 1 மில்லிவாட் வரை என்றால் கால் நொடியில் நாம் கண்ணை இமைத்துவிடுவதே காவல். நூறு, இருநூறு என்று போனால் இமைக்கும் முன்பே சுட்டுவிடும். தலையில் திருகும் நட்சத்திர மூடி ஒளியைப் பல புள்ளிகளாகப் பிரிக்கும், பிள்ளைகள் முதலில் கழற்றுவதே அதைத்தான்.

"வெளிச்சம் மங்கல்தான், ஒன்றும் ஆகாது" என்று விற்பவர் சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். பெரும்பாலான மலிவுப் பச்சை லேசருக்குள் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் படிகங்களுக்குள் செலுத்தி அதைப் பச்சையாக மாற்றுகிறார்கள். மாறாமல் மிஞ்சுவதைத் தடுக்க ஒரு சின்ன வடிகட்டி வேண்டும், செலவு மிச்சம் என்று சிலர் அதை வைப்பதே இல்லை. படிகம் சரியாக அமையாவிட்டால் பச்சை மங்கும், அகச்சிவப்பு கொட்டும். இதே ஆய்வுக்கூடம் 2010இல் பார்த்த ஒன்றில் பச்சை மங்கலாக இருக்க, அகச்சிவப்பு கிட்டத்தட்ட 20 மில்லிவாட் வந்தது. தெரியாத ஒளிக்குக் கண் இமைக்காது அம்மா, அதுதான் வம்பு.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "லேசர் பட்டதா? நீல ஒளி தடுக்கும் கண்ணாடி போடுங்கள், இந்தக் கண் வைட்டமின் மூன்று டப்பா எடுங்கள்" என்று வீட்டு வாசலுக்கே வருவார்கள். விழித்திரைச் சூட்டை அந்தக் கண்ணாடியோ மாத்திரையோ சொட்டு மருந்தோ ஆற்றாது. காசை ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸுக்கு வையுங்கள்.

அங்கே போனாலும் பரிந்துரைக் கடிதம் எங்கே, தேதி வாங்கி வா என்று அலைய விடலாம். லேசர் கண்ணில் பட்டது, பார்வையில் புள்ளி தெரிகிறது என்று அவசரப் பிரிவிலேயே சொல்லுங்கள், விழித்திரையை ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள். விற்றவர் மேல் புகார் கொடுக்கப் போனால் ரசீது கேட்பார்கள். பாசார் மாலாமில் யார் ரசீது கொடுக்கிறார்கள் என்று அந்த மேசைக்காரருக்கும் தெரியும், ஆனாலும் கேட்பார்.

கோபத்தில் லேசரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் போனால் பேட்டரி இல்லாமல் அதையும் கொண்டுபோங்கள். எந்த நிறம், எத்தனை நேரம், எவ்வளவு தூரத்தில் என்பதைப் பெரியவனையே சொல்ல வையுங்கள். அடித்தது அவன்தானே.